கேளுங்க, சொல்றோம்: நானோ களிம்பு வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு எட்டு வருஷமாக முழங்கையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக உரிகிறது. விடியும் முன்பே ஜீப்பில் கம்பமெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். கொரோனா ஊசியில் இருந்த அதே கொழுப்புத் துகளில் நானோ களிம்பு வந்திருக்கிறது, இனிமேல் ஸ்டீராய்டே வேண்டாம் என்கிறார் மெடிக்கல் கடைக்காரர். வாங்கலாமா?
வாசகர், கம்பம்

பதில்: முதலில் ஊசி. நம்ம பக்கம் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு, இல்லாவிட்டால் கோவாக்சின். ரெண்டிலும் அந்தத் துகள் கிடையாது. ஃபைசர், மாடர்னா ஊசிகளில்தான் எம்ஆர்என்ஏவை, அதாவது வைரஸின் ஒரு புரதத்தைச் செய்ய உடம்புக்குச் சொல்லும் குறிப்பைச் சுமக்க அது இருந்தது. தோல் களிம்புக்கு அதிகம் பேசப்படுவது அதே துகள் இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி 1990களில் வந்த வேறு வகை. மெழுகு போன்ற கொழுப்பை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியாக்கி அதற்குள் மருந்தை வைப்பார்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கி இருக்கும், இடுக்கெல்லாம் கொழுப்புப் பூச்சு. மழையையே உள்ளே விடாத கூரை மருந்தை மட்டும் லேசில் விடுமா? கொழுப்புத் துகள் அந்தப் பூச்சோடு ஒட்டிக்கொள்கிறது, படலமாகப் படிந்து ஈரம் போகாமல் காக்கிறது, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. துகள் பெரும்பாலும் மேலேயும் மயிர்க்கால் குழிகளிலும் நின்றுவிடும், கீழே இறங்குவது மருந்துதான்.

மார்கழிக் குளிரில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமே, அதுபோல இந்தத் துகளிலும் கொழுப்பு இறுகி நெருக்கமாக அடுக்கிக்கொண்டால் மருந்துக்கு இடமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் அப்புறம் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்துக் கலக்க ஆரம்பித்தார்கள்.

சரி, வாங்கலாமா? நானோ என்பது வெறும் பை. உள்ளே என்ன மருந்து என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டேதான், சட்டை மட்டும் புதுசு. மருந்தின் பெயரே போடாமல் ‘நானோ’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் கையால் தொடாதீர்கள். இப்போது போடும் களிம்பை டாக்டரைக் கேட்காமல் சட்டென நிறுத்தவும் வேண்டாம், நோய் முன்பைவிட வேகமாகக் கிளம்பலாம். செதில் தடிப்பாக இருந்தால் அதை முதலில் இளக்க சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்பு தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள். செதிலுக்கு மேலே பூசினால் எந்த நானோவும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: எனக்கும் சொரியாசிஸ்தான். ஜீப்பில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். ஒட்டுமா?
வாசகி, லோயர் கேம்ப்

பதில்: ஒட்டாது. உங்கள் எதிர்ப்பு சக்தியே கிளப்பிவிடுகிற அழற்சி அது. ஒரு மாதத்தில் உரிய வேண்டிய தோல் சில நாளிலேயே உரிகிறது, அவ்வளவுதான். தைரியமாக உட்காரச் சொல்லுங்கம்மா. இடம் போதவில்லை என்றால் அது ஒரே ஜீப்பில் பதினெட்டுப் பேரை ஏற்றுகிற டிரைவரிடம் பேச வேண்டிய விஷயம்.