பறக்கும் பறவையைப் படம்பிடிக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தும் சிறகு கலங்கியே வருகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: லென்ஸ் இருக்கட்டும், ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை, 1/1000 நொடிக்குள் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/3200-ல் அது 3 மில்லிமீட்டர்தான். உடலைவிடச் சிறகு நுனி வேகமாக வீசும் என்பதால் கண் கூர்மையாக இருந்தாலும் நுனி கலங்கலாம். கொக்கு, நாரை போல நிதானமாகச் சிறகடிப்பவற்றுக்கு 1/1600 பெரும்பாலும் போதும். தகைவிலான், பாயும் மீன்கொத்தி என்றால் 1/3200-லிருந்து தொடங்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஏறிவிடுமே என்று தயங்காதீர்கள். அதனால் வரும் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான குறுணையை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். கலங்கிப்போன இறகை மீட்க வழியில்லை.

கேள்வி: கேமராவை சைலன்ட் மோடில் வைத்தால் சிறகு கோணலாக விழுகிறதே?

பதில்: சைலன்ட் மோடில் இயங்குவது எலக்ட்ரானிக் ஷட்டர். அதில் பல கேமராக்களின் சென்சார் காட்சியை வரிவரியாகத்தான் பதிவு செய்யும். கடைசி வரிக்கு வருவதற்குள் சிறகு இடம் மாறிவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

கேள்வி: கிளையிலிருந்து எழும்பும் கணம் எப்போதும் தவறிவிடுகிறது.

பதில்: முதலில் காற்றைக் கவனியுங்கள். பறவைகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால், பறவை உங்களை நோக்கி எழும்ப வாய்ப்பு அதிகம். அடுத்து உடல்மொழி. கால்கள் மடங்கும், உடல் முன்னே சாயும், கழுத்து நீளும். பருந்து போன்றவை எழும்புமுன் எச்சமிடுவதும் உண்டு. அதைக் கண்டதும் விரல் ஷட்டரில் இருக்கட்டும். சட்டகத்தில் பறவையைச் சற்றுச் சிறிதாக வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாகத் தெரியும் அளவு, சிறகு விரிந்ததும் போதாமல் போகும்.

கேள்வி: வெள்ளைக் கொக்கின் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துவிடுகிறது.

பதில்: இருண்ட நீரையும் சேர்த்து அளந்து, கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வெயில் நிலையாக இருந்தால் ஐஎஸ்ஓ உட்பட எல்லாவற்றையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள். கொக்கின் முதுகில் ஹைலைட் எச்சரிக்கை (அளவு மீறி வெளுத்த இடத்தைத் திரையில் மின்னிக் காட்டுவது) மின்னாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பின்னணி எப்படி மாறினாலும் கொக்கின் வெண்மை மாறாது. ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பில்) இருண்ட நிழலைப் பிறகு வெளிச்சமாக்கித் தூக்கலாம். முற்றிலும் வெளுத்த இடத்தில் தூக்குவதற்கு ஒன்றுமே இருக்காது.

கேள்வி: எடிட்டிங்கில் எதை முதலில் செய்வது? ஏஐ மென்பொருள் நல்லதா?

பதில்: ரா ஃபைலில் நாய்ஸ் குறைப்பு முதலில், ஷார்ப்பனிங் கடைசியில். வரிசை மாறினால் நாய்ஸ்தான் கூர்மையாகும். பின்னணியையும் பறவையையும் தனித்தனியாக மாஸ்க் செய்து (தேர்ந்தெடுத்துப் பிரித்து), பின்னணியில் நாய்ஸை நன்றாகக் குறையுங்கள்; இறகில் கை அடக்கமாக இருக்கட்டும். ஷார்ப்பனிங் பறவைக்கு மட்டும் போதும்.

ஏஐ கருவியை நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒவ்வொரு முறையும் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலப்படத்தோடு ஒப்பிட்டே ஏற்கிறேன். கழுத்தோரம், கண்ணைச் சுற்றிய சிற்றிறகுகள், அலகின் விளிம்பு ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். மூலத்தில் வெறும் மங்கலாக இருந்த இடத்தில் திடீரென்று சீவி வாரியது போல இழைகள் தெரிந்தால், அவை மென்பொருள் வரைந்தவை. உண்மையான இறகின் இழைகள் ஆங்காங்கே பிரிந்து கலைந்திருக்கும். இறகின் கோடுகளை வைத்தே இனத்தை அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள். பொய்க்கோடு அவர்களைத் தவறாக வழிநடத்தும். அந்த இடம் மங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: குறுக்கே வந்த குச்சியை நீக்கலாமா? கண்ணில் ஒளிப்புள்ளி சேர்க்கலாமா?

பதில்: சென்சார் தூசியைத் தாராளமாக நீக்குங்கள். குச்சியை நீக்கினால் சொல்லிவிடுங்கள். பல இயற்கைப் படப் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. இல்லாத ஒளிப்புள்ளியைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. கண் இருண்டிருந்தால், இருக்கும் நிழலைக் கொஞ்சம் தூக்கினாலே போதும்.

கேள்வி: குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சி வேண்டும். கூட்டை எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: நெருங்கவே வேண்டாம். தற்செயலாகக் கூட்டருகே நின்றுவிட்டால் தாயைப் பாருங்கள். அலகில் இரையோடு கிளை மாறி மாறி உட்கார்கிறது, விடாமல் கத்துகிறது, கூட்டுக்குள் போகவில்லை என்றால் நீங்கள்தான் தடை. அங்கே பசித்த குஞ்சு காத்திருக்கிறது. உடனே விலகுங்கள். மறைக்கும் இலையைக்கூட ஒதுக்காதீர்கள். குஞ்சுகளுக்கு வெயிலிலிருந்தும் காகத்திடமிருந்தும் காப்பு அதுதான். கூட்டைவிட்டு வெளியே வந்த இளம்பறவைகளும் சிறகடித்து இரை கேட்கும். அதை ஒதுங்கி நின்று, நீண்ட லென்ஸில் எடுங்கள்.