வெறும் புலம்பலாக வருகிறது – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரன் சொன்ன காலைப் பக்கங்களை, அதாவது எழுந்ததும் மனதில் ஓடுவதை நோட்டில் எழுதும் பழக்கத்தை, நானும் ஆரம்பித்தேன், கதை எழுதும் ஆசையில்தான். ஆனால் நோட்டைத் திறந்தால் மாமியார் மேல் கோபம், வீட்டு வாடகை, பையனின் கணக்கு மார்க், தினமும் இதேதான். நல்லதாக ஒரு வரி இல்லை. வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. போனில் டைப் செய்யலாமா? தொடர்வதில் பயன் உண்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தொடருங்கள். 1992இல் வந்த தன் புத்தகத்தில் கேமரன் சொன்னது, காலையில் எழுந்ததும் மூன்று பக்கம், கையால், மனதில் என்ன ஓடுகிறதோ அது, அவ்வளவுதான். நன்றாக எழுத வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. முதல் எட்டு வாரம் எழுதியதைத் திரும்பப் படிக்காதீர்கள் என்றும் சொல்கிறார். நீங்களோ தினமும் படித்து மார்க் போடுகிறீர்கள் போலிருக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள்.

போன் வேண்டாம். திறந்தவுடன் வாட்ஸப் வந்து நிற்கும், அதைவிட மோசம் பேக்ஸ்பேஸ். கூச்சமான ஒரு வார்த்தை வந்ததுமே விரல் அதை அழித்துவிடும், பேனாவில் அடித்தாலும் அந்த வார்த்தை அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் பயம் நியாயமானது. யாரோ படிப்பார்கள் என்று நினைத்தாலே கை பொய் எழுத ஆரம்பித்துவிடும். அதனால் எழுதி முடித்ததும் கிழித்துப் போடுங்கள், ஒன்றும் குறையாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் பலன் இவ்வளவு தெளிவாக வரவில்லை, ஆனாலும் நடந்ததையும் சேர்த்து எழுதுவது என்ற விஷயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் மாமியார் மேல் கோபம் என்றால், அன்று அவர் என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார், எந்தச் சொல் குத்தியது, அதையும் எழுதிவிடுங்கள். வெறும் கோபத்தையே எழுதினால் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்போம்.

அப்புறம், கதையை இந்த நோட்டில் தேடாதீர்கள். அதற்கு வேறு நோட்டு, வேறு நேரம். பையனைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் மூன்று பக்கம் முடியாவிட்டால் ஒரு பக்கம் போதும்.

அன்புடன்,
க.