லேசர் எப்படிங்க குளிர வைக்கும்?

வணக்கம் சார், அல்ட்ராகோல்ட், அதாவது அதீதக் குளிர் இயற்பியல் பத்தி நீங்க எழுதினதுல ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன். லேசர் இரும்பையே வெட்டுது, அது எப்படி குளிர வைக்கும்? அப்புறம், மைனஸ் 273 டிகிரி பக்கத்துல போனா எதுவுமே உறைஞ்சு கட்டியாத்தானே ஆகணும், வாயுவா எப்படி இருக்கு? நான் காமர்ஸ் படிச்சவன், தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.
– ஒரு வாசகர்

நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, அந்த ரெண்டாவது கேள்விய நான் படிச்ச காலத்துல எனக்குக் கேக்கவே தோணல.

முதல்ல லேசர். வாயுவுல சூடுங்கறது அணுக்களோட ஓட்டம்தான், ஓட்டத்தக் குறைச்சா குளிர்ச்சி. அறை வெப்பத்துல ரூபிடியம்ங்கற உலோகத்தோட அணு வினாடிக்கு சுமார் 300 மீட்டர் ஓடுது, எதிர்ல வர்ற ஒரு போட்டான, அதாவது ஒளித்துகள முழுங்கினா அதுல வெறும் 6 மில்லிமீட்டர்தான் குறையும், ஆனா விடாம ஐம்பதாயிரம் தடவை முழுங்க வெச்சா நின்னே போயிடும், அதுக்கு சில மில்லிசெகண்ட் போதும். லேசரோட நிறத்த அணு முழுங்கற நிறத்தவிட ஒரு மயிரிழை சிவப்புப் பக்கம் தள்ளி வெப்பாங்க, அப்போ லேசர நோக்கி ஓடி வர்ற அணுவுக்கு மட்டும் டாப்ளர் விளைவால (எதிர்ல ஓடி வந்தா நிறம் கொஞ்சம் நீலப் பக்கம் நகர்ந்து தெரியும்) அது சரியான நிறமாத் தெரியும், விலகி ஓடுற அணு அதக் கண்டுக்காது. இரும்புல ஆற்றல் உள்ளயே தங்கிடுது, இங்க அணு வாங்கின ஒளிய உடனே திருப்பி விட்டுடுது, சராசரியா வாங்கினதவிட கொஞ்சம் கூடவே.

கடைசிக் கட்டத்துக்கு லேசர் பத்தாது. வேர்வை காயும்போது உடம்பு குளிருதே அதே மாதிரி, அணுக்கள காந்தப் புலத்தால பிடிச்சு வெச்சிருக்கற காந்தப் பொறியிலிருந்து வேகமானத மட்டும் தப்பிக்க விடுவாங்க. அப்படித்தான் 1995 ஜூன்ல அமெரிக்காவுல போல்டர்ல இயற்பியலாளர்கள் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் 170 நானோகெல்வின் தொட்டாங்க (கெல்வின்னா மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ற அளவு, நானோன்னா அதுல நூறு கோடியில ஒரு பங்கு), விண்வெளியே 2.7 கெல்வின், அதுல ஒரு கோடியில ஒரு பங்கு கூட இது வராது! அணுவுக்கும் அலை குணம் உண்டு, அங்க ஒவ்வொரு அணுவோட அலையும் நீண்டு பக்கத்து அலையோட கலந்து, சுமார் 2000 அணுவும் ஒரே அலையாயிடுச்சு. நம்ம இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் டாக்காவுல 1924ல ஒளித்துகள்களுக்குப் போட்ட கணக்க ஐன்ஸ்டைன் அணுக்களுக்கு நீட்டி, இப்படி ஆகும்னு சொன்னது எழுபது வருஷம் கழிச்சு கண்ணுக்குத் தெரிஞ்சுது.

இப்போ உங்க கேள்வி. நீங்க நினைச்சது சரி, அந்தக் குளிர்ல ரூபிடியம் கட்டியாத்தான் இருக்கணும். ஆனா ரெண்டு அணு ஒட்டினா வெளிய வர்ற ஆற்றல வாங்கிட்டுப் போக மூணாவது அணு ஒண்ணு அதே எடத்துல இருக்கணும். அந்த மேகமோ காத்தவிட லட்சம் மடங்கு லேசு, மூணு பேரு ஒண்ணா சந்திக்கறது அவ்ளோ அபூர்வம், அதனால சில வினாடி அவகாசம் கிடைக்குது. அதுக்குள்ள பொறிய அணைச்சு, விழுந்து விரியற மேகத்தோட நிழல படம் எடுப்பாங்க. படம் எடுத்ததும் மேகம் போயிடும், மறுபடி முதல்ல இருந்து அணு பிடிக்கணும்.