தெருமுனைத் திடலுக்கு யார் காவல்?

கேள்வி: எங்கள் தெருமுனைத் திடலில் இரவோடிரவாக லாரியில் இடிபாடுகளைக் கொட்டுகிறார்கள். பூங்காக்களைக் காக்க நாங்களே ஓர் அமைப்பை உருவாக்கலாமா ஐயா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சங்கம் வைக்கலாம், அம்மா. அதிகாரமுள்ள அமைப்பை நகராட்சிதான் நிறுவ வேண்டும்; தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பூங்காக்களுக்கென்றே நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம் இருக்கிறது. 2013இல் விலங்குக்காட்சிசாலையையும் அதன் தலையில் கட்டினார்கள். (பூச்செடிக்கும் சிங்கத்துக்கும் ஒரே கணக்குப்பிள்ளை!)

ஆனால் முதலில் நகராட்சியின் நில வரைபடத்தைப் பாருங்கள். எங்கள் திடலுக்காக நான் அலைந்தபோது, மாமரமும் இரண்டு கோல் கம்பமும் நிற்கும் இடம் காகிதத்தில் வீட்டுமனையாக இருந்தது. பசுமையிடங்களைக் காக்கும் டர்பனின் திறந்தவெளித் திட்டத்துக்குள் உங்கள் திடல் வருகிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். லாரியின் எண்ணைக் குறிக்க மறக்காதீர்கள்.