மடற்குழுவில் பெரிய மடல் ஏன் நிற்கிறது? – கேள்வி பதில்

மெயில்மேன் மென்பொருளில் மடற்குழு (மின்னஞ்சல் குழு) நடத்துவோர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்.

கேள்வி: ஐயா, எங்கள் குழுவில் மடல் அளவு வரம்பு 10 எம்.பி. 8 எம்.பி. பிடிஎஃப் ஒன்றை அனுப்பினால் நிர்வாகி ஒப்புதல் தரும்வரை மட்டுறுத்தலில் நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: கோப்பு மடலுக்குள் அப்படியே போவதில்லை. பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக மாறித்தான் போகும். 3 பைட்டுக்கு 4 எழுத்து, 76 எழுத்துக்கு ஒரு வரிமுறிவு. இதனால் அளவு 37 விழுக்காடு வரை கூடிவிடும். உங்கள் 8 எம்.பி. கிட்டத்தட்ட 11 எம்.பி. ஆகியிருக்கும், மெயில்மேன் அளப்பது அதைத்தான். வரம்பை 1.37-ஆல் வகுத்துப் பாருங்கள்: 10 எம்.பி. வரம்பில் 7 எம்.பி. கோப்பு தாராளமாகப் போகும். ஜிமெயிலின் 25 எம்.பி. வரம்பில் 18 எம்.பி. வரை அனுப்பலாம்.

கேள்வி: நான் அனுப்பியது வெறும் தமிழ்க் கட்டுரை, அட்டாச்மென்ட்டே கிடையாது. அதையும் 'மடல் மிகப் பெரியது' என்று நிறுத்திவிட்டது.

பதில்: தமிழ்க் குழுக்களில் அடிக்கடி வரும் சிக்கல் இது. மெயில்மேனின் இயல்பு வரம்பு 40 கே.பி.தான். ஆங்கில மடலுக்கு அது போதும், நமக்குப் போதாது. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் 5 குறிகள். அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. பேஸ்64-இல் அது 20 ஆகும். சில மடல் செயலிகள் கோட்டட் பிரிண்டபிள் முறையைப் பயன்படுத்தும். அதில் ஒரு பைட் 3 எழுத்தாகும் என்பதால் 45. வண்ணம், தடிப்பு சேர்த்து எழுதினால் வெற்று உரை ஒன்று, ஹெச்டிஎம்எல் ஒன்று என இரண்டு படிகள் போகும், அப்போது 90! இந்த நிலையில் 500 சொல் கட்டுரையே 40 கே.பி.யைத் தாண்டிவிடும். மடலை வெற்று உரையாக அனுப்புங்கள். நிர்வாகியிடம் வரம்பை 300 கே.பி.க்கு உயர்த்தச் சொல்லுங்கள். தமிழ்க் குழுவுக்கு அதற்குக் குறைவாக வைப்பது சரியல்ல என்பேன்.

கேள்வி: இணைப்புகளை நீக்கும் வடிகட்டியை இயக்கிவிட்டேன். அப்படியும் பெரிய மடல்கள் நிற்கின்றனவே?

பதில்: அளவுச் சோதனைதான் முதலில் நடக்கும், வடிகட்டி அதற்குப் பிறகு. நீங்கள் மடலை அனுமதித்த பின்தான் இணைப்பு நீங்கும்.

கேள்வி: தொல்லையே வேண்டாம், வரம்பை 0 ஆக்கிவிடலாமா சார்?

பதில்: 0 என்றால் மெயில்மேனில் வரம்பே இல்லை. ஆனால் கீழே மடல்களை வாங்கி அனுப்பும் சர்வர் மென்பொருளாகப் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடினால் அதன் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். அதைத் தாண்டிய மடல் குழுவை எட்டாமலே 552 பிழையோடு திரும்பும். அதையும் உயர்த்தினால் அடி விழுவது உறுப்பினர்களுக்கு. ஒருவருடைய அலுவலக சர்வர் பெரிய மடலை ஏற்காமல் திருப்பினால், மெயில்மேன் அதை அந்த உறுப்பினரின் கணக்கில் பவுன்ஸாக (திரும்பிய மடலாக) பதியும். நாளொன்றுக்கு ஒரு புள்ளி வீதம் 5 ஆனால் அவருக்கு மடல் போவதே நின்றுவிடும். ஒரு தவறும் செய்யாதவருக்கு இது நேரக்கூடாது. 300 பேர் குழுவில் 5 எம்.பி. கோப்பு ஒன்று போனால், பேஸ்64-இல் கூடுவதையும் சேர்த்து 2 ஜி.பி. வெளியேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் விழாப் படங்களை எப்படிப் பகிர்வது?

பதில்: கூகுள் டிரைவில் ஏற்றிச் சுட்டியை மட்டும் அனுப்புங்கள். 'சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்ற மறப்பதுதான் வழக்கமான பிழை. அனுப்புமுன் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) திறந்து பாருங்கள். மடலிலேயே ஒரு படம் வைக்க வேண்டுமென்றால் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறையுங்கள், சில நூறு கே.பி.க்குள் அடங்கும். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஜிப் செய்து பயனில்லை. ஸ்கேன் செய்த சுற்றறிக்கைக்கு 150 டிபிஐ, சாம்பல் நிறம் போதும்.

கேள்வி: மடல்களைத் தொகுத்து ஒன்றாக அனுப்பும் டைஜஸ்ட் வாங்குகிறேன். சில நாள் நாலைந்து டைஜஸ்ட் வருகிறது.

பதில்: திரண்ட மடல்கள் 30 கே.பி. ஆனதும் டைஜஸ்ட் உடனே கிளம்பிவிடும், இயல்பு அமைப்பு அப்படி. தமிழில் இரண்டு மடலே அதை எட்டிவிடும். டைஜஸ்ட் பக்கத்தில் அந்த எண்ணை 200-க்கு மாற்றும்படி நிர்வாகியிடம் சொல்லுங்கள்; நாள்தோறும் அனுப்பும் தெரிவு 'ஆம்' என்று இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.