பட்டறை பதில்கள்: முதலில் பல்லை எண்ணுங்கள், அப்புறம் பணத்தை எண்ணலாம்

கேள்வி: அண்ணே, வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் எங்களுக்குக் கரும்பு, பண்ருட்டி தாண்டிக் கொஞ்சம் முந்திரித் தோப்பு. அப்பா காலத்து மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப்பைப் பின்பக்கம் திறந்து பிக்கப் மாதிரி ஆக்கி ஓட்டுகிறேன். இரண்டு வருடம் முன்பு பெரிய டீசல் என்ஜின் ஏற்றி, 28 அங்குல டயரை எடுத்துவிட்டு நான்கிலும் 31 அங்குலம் மாட்டினேன். அதிலிருந்து முன் டிஃபரன்ஷியலில், அதாவது அச்சில் சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், இரண்டு தடவை பல் போய்விட்டது. முதல் தடவை போனதும் பழைய இரும்புக் கடையில் ஒரு முழு செட் வாங்கிப் போட்டோம். அது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. ஃபோர் வீல் போட்டுக் கெட்டித் தரையில் திருப்பினால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி இறுகுகிறது, லீவரும் வர மாட்டேன் என்கிறது, ரிவர்ஸில் நாலடி போனால் 'டக்'கென்று விடுகிறது. முன்னால் பலமான டிஃபரன்ஷியலும், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கும் லாக்கரும் போடச் சொல்கிறார்கள். லட்சத்தைத் தாண்டும் போலிருக்கிறது. போடலாமா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: தம்பி, பணத்தை அப்படியே வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பல் உடைந்தது இல்லை, அந்த 'டக்'. அதையும் இரும்புக் கடை செட்டையும் சேர்த்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ரேஷியோ வேறு வேறாக இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ரேஷியோ என்றால், என்ஜின் பக்கமிருந்து அச்சுக்குச் சுற்றைக் கொண்டுவரும் நீளத் தண்டு, அதுதான் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற கணக்கு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம் கிரவுன், அதை ஓட்டுகிற சின்னது பினியன். பழைய ஜீப் குடும்பத்தில் இந்தக் கிரவுன் பினியன் பல வகையில் ஓடியது. போர்க்கால வில்லிஸில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8, அதாவது 4.88. போருக்குப் பின் வந்த வில்லிஸ் ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.38. நம் ஊரில் இந்த வழியில் வந்த வண்டிகளில் வேறு ரேஷியோக்களும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் ஹவுசிங் எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாக, ஒரே மாதிரி துருப்பிடித்துத்தான் இருக்கும். கடைக்காரர் 'இது உங்க வண்டிதாங்க' என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார், பொய்யும் இல்லை, போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கும்.

பின்னால் 4.88, முன்னால் 5.38 என்று வையுங்கள். உங்கள் வண்டியில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, ஃபோர் வீல் போட்டால் முன் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின் சக்கரம் நூறு மீட்டர் போக நினைக்கும்போது முன் சக்கரம் தொண்ணூறு, தொண்ணூற்றொன்றுக்கு மேல் வராது. மிச்ச ஒன்பது மீட்டர் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை, அத்தனையும் ஷாஃப்ட்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறி நிற்கும். ரிவர்ஸில் அந்த முறுக்கு அவிழும்போது வருவதுதான் உங்கள் 'டக்'.

ரேஷியோ சரியாக இருந்தாலும் திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது, அதனால் இந்த மாதிரி வண்டியில் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடவே கூடாது, அது தனிப் பாடம். ஆனால் நேர் ரோட்டிலேயே கொஞ்ச தூரத்தில் இறுகினால் ரேஷியோவைத்தான் பார்க்க வேண்டும்.

திறக்காமலே பார்க்கலாம். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து ஜீப்பில் பலவற்றில் ஹேண்ட்பிரேக் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும், இந்தச் சோதனைக்கு அதை விட்டே ஆக வேண்டும். கியர் நியூட்ரல், ஃபோர் வீல் லீவர் விலகிய நிலை, முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கிற ஹப் பூட்டு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88, ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 5.38. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. முன் பல் இப்போது உடைந்தே கிடந்தால் சுற்ற வேண்டாம், கழற்றிக் கிரவுன் பல்லையும் பினியன் பல்லையும் நேராக எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முன்னால் 5.38 வந்துவிட்டது என்றால் அதைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். 28 அங்குலத்தில் இருந்து 31-க்குப் போனதில் உங்கள் வண்டி ஏறக்குறைய பதினொரு சதவீதம் 'ஹை' ஆகிவிட்டது, அதாவது அந்த அளவுக்கு இழுவை குறைந்துவிட்டது. 4.88-ஐ 31 ஆல் பெருக்கி 28 ஆல் வகுத்தால் 5.4 வரும். அதாவது 31 டயருக்குப் பின்னாலும் 5.38 போட்டால் வண்டி பழைய இழுவைக்கே திரும்பி வரும், முன்னும் பின்னும் ஒன்றாகிவிடும், கிளட்சும் பிழைக்கும். ஒன்றே ஒன்று, அதே அளவு கிரவுனில் ரேஷியோவைக் கூட்டக் கூட்டப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும், பல் பலம் குறையும். பெரிய என்ஜின் வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக வேண்டாம்.

இனி, பின்னால் போகாமல் முன்னால் மட்டும் பல் போவது ஏன் என்று கேட்பீர்கள். கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம். ஒன்று இழுக்கும் முகம், மற்றது வண்டி தானாக ஓடும்போது சுமை வாங்கும் முகம். பின் அச்சில் முன்னே போகும்போது பலமான முகம் வேலை செய்யும். அதே வகை கியரைத் திருப்பி முன் அச்சில் வைத்தால், முன்னே போகும்போது பலம் குறைந்த முகத்தில்தான் முழுச் சுமையும் விழும். பினியன் மேலே ஏறி உட்காரும்படி எதிர்ப்பக்கம் வெட்டிய கியர்கள் வெளிநாட்டு வண்டிகளில் உண்டு, அவற்றுக்கு இந்தக் குறை இல்லை. நம் பழைய ஜீப்பில் அது கிடையாது. அதனால் முன் டிஃபரன்ஷியலின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறவர் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

பூட்டுவது பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது செட் சீக்கிரம் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து வருபவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் வேறாக இருந்தால் வாங்காதீர்கள். பினியன் ஆழத்துக்கு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு), பேரிங் இறுக்கத்துக்கு ஷிம், கிரவுனின் இரண்டு பக்கமும் ஷிம். பல்லுக்குப் பல் உள்ள விளையாட்டு, அதுதான் பேக்லாஷ், டயல் கேஜ் வைத்துச் சுற்றி நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர், உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சட்டம். அப்புறம் நாலைந்து பல்லில் சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, கிரவுனைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றினால் பல்லில் ஒரு தடம் விழும், வேப்பிலை அளவுக்கு. நடுவில் விழுந்தால் நல்லது. பல்லின் அடியோடு ஒட்டி விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதவில்லை. முன் அச்சு என்பதால் அந்தப் பலம் குறைந்த முகத்தின் தடத்தையும் கேட்டுப் பாருங்கள், பல பேர் ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

நானும் மூடியவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து ஒரு டிஃபரன்ஷியலைப் பூட்டி அனுப்பினேன், கடலூரில் கிளம்பி சிதம்பரம் போய்ச் சேர்கிற வரைக்கும் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. திரும்பி வந்தபோது பல் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் கிரவுனை இன்னும் பட்டறை மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

புது கியர் போட்டால் முதல் இருபது முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முழுசாக ஆறவிடுங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் லோடு ஏற்ற வேண்டாம், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். ஜி.எல்.-5 தரத்தில் 90 ஆயில். அதே ஆயிலை மிச்சமாயிற்றே என்று கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள், ஜி.எல்.-4 கேட்கிற கியர் பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்குகிற பித்தளை சிங்க்ரோ வளையத்தை அது தின்னும்.

இவ்வளவும் செய்தபின் அடுத்து என்ன உடையும்? அதையும் யோசிக்க வேண்டும். ஒரு கணக்கு: என்ஜின் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ கியர் 2.46, டிஃபரன்ஷியல் 5.38 என்றால், பெருக்கினால் சக்கரங்களுக்கு 6,300-க்குப் பக்கம் வரும். 250 முறுக்கு என்ஜின் என்றால் 13,000-ஐத் தாண்டும். டயர் வழுக்கினால் அவ்வளவும் வராது, ஆனால் நீங்கள் பெரிய டயரும் போட்டு லோடும் ஏற்றி வழுக்காமல் செய்துவிட்டீர்கள். இப்போது பல்லைப் பலப்படுத்தினால் சுமை ஆக்சில் ஜாயிண்ட்டுக்குப் போகும், அதைப் பலப்படுத்தினால் ஹப்புக்கு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்து மிதித்தால் ஜாயிண்ட் முதலில் போகும். அதனால் உங்கள் பணத்தை நான் செலவு செய்தால் வரிசை இதுதான்: ரேஷியோவை ஒன்றாக்கி ஒழுங்காகப் பூட்டுவது, முன் ஆக்சில் ஜாயிண்ட், ஷாஃப்ட் முனைகளில் மூட்டாக இருக்கிற கிராஸ்கள், கடைசியில் லாக்கர். அதுவும் முதலில் பின்னால். முன்னால் போட்டால் நினைத்தபோது போட்டு எடுக்கிற, காற்றால் இயங்கும் வகை மட்டும். தானாகப் பூட்டுகிற வகையை முன்னால் போட்டால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. உள் கியரை வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. என்ஜினும் பாடியும் மாற்றியது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கிரவுன் பினியனுக்கு முன் அந்தக் காகிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: டபுள் கேபின் ஃபோர் வீல் பிக்கப், முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். மூன்று அங்குலம் தூக்கினேன். ஆறு மாதத்தில் ஆக்சில் ரப்பர் பூட் இரண்டும் கிழிந்து, திரும்பும்போது 'கட கட' சத்தம். முன் டிஃபரன்ஷியல் போய்விட்டதா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: போகவில்லை, போனது ஆக்சில் ஜாயிண்ட். உங்கள் வண்டியில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிற்கிறது, சக்கரம் மட்டும் கீழே இறங்கிவிட்டது, அதனால் ஆக்சில் எந்நேரமும் சாய்ந்தே ஓடுகிறது. பூட் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு இறக்குங்கள். மூன்று வேண்டும் என்றே நின்றால் டிஃபரன்ஷியலையும் கீழே இறக்கும் பிராக்கெட் போட வேண்டும், இறக்கியபின் முன் ஷாஃப்ட்டின் கோணத்தையும் பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கேள்வி: 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைத் தண்ணீர் வந்தபோது ஊருக்குள் ஆட்களை ஏற்றி இறக்க ஜீப்பில் நாள் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் ஓடினேன். அதற்கப்புறம் ஆயில் எதுவும் பார்க்கவில்லை. இப்போது முன் அச்சில் ஊளைச் சத்தம்.
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். வண்டிக்குத்தான் யாரும் செய்யவில்லை. இன்றைக்கே முன் டிஃபரன்ஷியலின் கீழ் நட்டைக் கழற்றுங்கள். வருவது பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவ்வளவு நாள் ஆனதால் தண்ணீர் பிரிந்து முதலில் தனியாகவும் வரலாம், துருநிறமாக.

ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் உறிஞ்சும். மேலே காற்று போய்வர இருக்கிற சின்ன பிரீதர் மூடி மண்ணால் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். தடுக்க ஆகிற செலவு ஒரு ரப்பர் குழாய்தான்: பிரீதரைக் கழற்றி அந்த இடத்தில் குழாயை மாட்டி, என்ஜின் ரூமில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பின் டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் அப்படியே. உங்கள் வண்டிக்கு இப்போது கவர் திறந்து பேரிங்குகளைப் பார்த்தாக வேண்டும், ஊளை வந்துவிட்டது என்றால் வெறும் ஆயில் மாற்றிப் பிரயோசனம் இல்லை. முன் ஹப் கிரீஸையும் மறக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார். முன் டயர் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டேன். தவறா?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: பின் டயர் தேய்ந்திருந்தால் தவறுதான். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ நேர் ரோட்டிலும் ஓயாமல் சமாளித்துக்கொண்டே இருக்கும், சூடாகும். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம்.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஃபோர் வீல் போட்டும் புதைகிறது. லாக்கர் போட்டால் ஏறிவிடுமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: டயரில் எத்தனை காற்று வைத்திருக்கிறீர்கள்? 32 என்றால் லாக்கர் போட்டாலும் நான்கு குழி தோண்டும், அவ்வளவுதான். மணலில் 18-க்கு இறக்கினால் டயர் பாதம் நீண்டு மிதக்கும், ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். ஆனால் எதற்காகக் கடற்கரையில் ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. படகு இழுக்க என்றால் மீனவர்களின் டிராக்டர் இருக்கிறது. வேடிக்கைக்கு என்றால் வேண்டாம், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் மணல் அது.