மதிப்பாய்வாளர் சொன்ன கட்டுரையைக் காணவில்லையா?

கேள்வி: டெங்கு பற்றிய என் ஆய்வுக்கட்டுரைக்கு வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகையொன்றிலிருந்து மதிப்பாய்வு வந்திருக்கிறது. ஒருவர் மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார். இரண்டைத் தேடியும் கிடைக்கவில்லை. அறிக்கையே சாட்ஜிபிடி எழுதியது போலிருக்கிறது. நானும் ஆங்கிலத்தைத் திருத்த அதைப் பயன்படுத்தினேன், எங்கும் சொல்லவில்லை. என்ன செய்வது? – விரிவுரையாளர், வெள்ளவத்தை

பதில்: அந்த இரண்டும் உண்மையிலேயே இல்லையா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டு ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரிலும் மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலும் தேடுங்கள். ஸ்கொலரில் இணைப்பில்லாமல் ‘மேற்கோள்’ என்ற குறியுடன் மட்டும் வந்தால் நம்பிவிட வேண்டாம். யாரோ தம் உசாத்துணைப் பட்டியலில் அதைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பொய்க் கட்டுரைகள் இப்படித்தான் பட்டியலுக்குப் பட்டியல் தாவுகின்றன. டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாள எண்) தந்திருந்தால் திறந்து பாருங்கள். சம்பந்தமில்லாத கட்டுரை ஒன்று திறந்தால் அது வலுவான ஆதாரம். எண் இல்லாவிட்டால், குறித்த சஞ்சிகையின் தளத்தில் அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இலங்கைச் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது. ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தையும் நூலகரையும் கேட்காமல் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு பதில் கடிதம். “இந்த இரண்டையும் இன்னின்ன இடங்களில் தேடினோம், கிடைக்கவில்லை, டிஓஐ தந்தால் பரிசீலிப்போம்” என்பதே போதும். மூன்றாவது கட்டுரையை வாசித்து, பொருந்தினால் மட்டும் சேருங்கள். மதிப்பாய்வாளரைத் திருப்திப்படுத்த வாசிக்காத ஒன்றைச் சேர்த்தால், நாளை அந்தப் பொய் உங்கள் பெயரில் நிற்கும். அறிக்கை பற்றிய சந்தேகத்தைச் சஞ்சிகை ஆசிரியருக்குத் தனி மின்னஞ்சலில், தேடல் விவரங்களோடு எழுதுங்கள்.

அதில் ‘இது செயற்கை நுண்ணறிவு எழுதியது’ என்று குற்றஞ்சாட்ட வேண்டாம். உங்களால் நிரூபிக்க முடியாது. கண்டறியும் கருவிகளின் இலட்சணத்தை 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 வீதத்தை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. நாளை அதே கருவி உங்கள் கட்டுரையின் மீதும் திரும்பலாம். இல்லாத உசாத்துணை என்பதோ யாரும் சரிபார்க்கக்கூடிய உண்மை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023 மே மாதத்திலேயே, சாட்ஜிபிடி போன்ற கருவியைப் பயன்படுத்தியிருந்தால் முகப்புக் கடிதத்திலும் கட்டுரையிலும் சொல்ல வேண்டும் என்றது. எழுத்துதவி என்றால் நன்றியுரையில். தரவுப் பகுப்பாய்வு அல்லது படம் என்றால் ஆய்வுமுறைப் பகுதியில். வெறும் இலக்கணத் திருத்தத்துக்குச் சில பதிப்பகங்கள் விலக்களிக்கின்றன. சஞ்சிகையின் விதியைப் பாருங்கள், ஐயமிருந்தால் சொல்லிவிடுங்கள். “ஆங்கில மொழிநடையைத் திருத்த சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது; உள்ளடக்கத்துக்குக் கட்டுரையாளர்களே பொறுப்பு” என்ற கருத்தில் ஒரு வாக்கியம் போதும், கருவியின் பதிப்பு எண்ணையும் சேர்த்தால் நல்லது. திருத்திய பிரதியில் சேர்ப்பது தாமதமல்ல. கருவியை இணைக் கட்டுரையாளராக மட்டும் போடாதீர்கள்.

மதிப்பாய்வில் இயந்திரம் நுழைவது இனி நிற்காது. சக மதிப்பாய்வுக்கு ஆள் கிடைக்காமல் ஆசிரியர்கள் திண்டாடுகிறார்கள். ஏஏஏஐ-26 என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாநாடு, மனித மதிப்பாய்வுகளோடு புள்ளி வழங்காத இயந்திர மதிப்பாய்வு ஒன்றையும் வெளிப்படையாகவே சேர்த்துப் பார்த்தது. அறிவித்துச் செய்வதை எதிர்க்கக் காரணம் குறைவு. ஒளித்துச் செய்வதுதான் கெடுதி. 2025 ஜூலையில், ‘நல்லதாக மட்டும் மதிப்பிடு’ என்று இயந்திரத்துக்கு வெள்ளை எழுத்தில் கட்டளை மறைத்திருந்த முன்பதிப்புகள் (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் கட்டுரைகள்), அவற்றை வெளியிடும் ஆர்கைவ் தளத்தில் அகப்பட்டன. மதிப்பாய்வாளர் தாமே வாசிப்பதில்லை என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது.

நாளை உங்களுக்கும் மதிப்பாய்வு அழைப்பு வரும். அப்போது பிறர் கட்டுரையைச் சாட்ஜிபிடி போன்ற பொதுச் சேவைகளில் ஏற்ற வேண்டாம். அது இரகசியமாக உங்களிடம் தந்த பிரதி, நோயாளர் விவரமும் அதில் இருக்கலாம். குறைகளை நீங்களே எழுதுங்கள். ஆங்கிலத்தை மட்டும் திருத்த வேண்டுமென்றால்கூட முதலில் சஞ்சிகை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.